கமராக் கேள்விகள்: கொழும்பு வெளிச்சமும் கொழும்பு ஈரமும்

இந்த மாசம் வந்த கடிதங்களை எல்லாம் ஒரே இருப்பில இருந்து வாசிச்சன். முக்காவாசிப் பேர் எந்தக் கமரா வாங்கிறது, எந்த லென்ஸ் வாங்கிறது எண்டுதான் தொடங்கியிருக்கிறீங்கள், ஆனா கடிதத்தைக் கடைசிவரைக்கும் வாசிச்சா பிரச்சினை கமராவில இல்ல, இந்த ஊரின்ட காத்தில, வெயிலில, மண்டபத்து லைட்டில இருக்குது. நாங்கள் வாசிக்கிற புத்தகம், பாக்கிற வீடியோ கனக்க குளிர் நாட்டுக்காரர் தங்கட ஊருக்கெண்டு செய்தது, அதை அப்பிடியே கொண்டுவந்து கொழும்பில வச்சா சில விசயம் பொருந்தாது. அதால இந்தமுறை சில பதில் நீளமாத்தான் இருக்கும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, எங்கட பிளட் மரைன் டிரைவுக்குக் கிட்ட. அப்பா 6 வருசத்துக்கு முன்னம் வாங்கின லென்ஸை இப்ப எடுத்துப் பாத்தா உள்ளுக்க சிலந்தி வலை மாதிரி ஒண்டு தெரியுது. துடைச்சும் போகேல்ல. படத்தில வித்தியாசம் ஒண்டும் தெரியேல்ல, அப்பிடியே பாவிக்கலாமோ? அரிசிக்குள்ள வச்சா சரிவரும் எண்டு சித்தி சொல்றா.

தங்கச்சி, அது பங்கசு, பூஞ்சணம். நீங்கள் துடைச்சது வெளிக் கண்ணாடி, அது இருக்கிறது உள்ளுக்க இருக்கிற கண்ணாடியில. இந்த வலியை எனக்கு நல்லாத் தெரியும், ஏன் எண்டா நானும் வெள்ளவத்தையில கடலுக்குக் கிட்ட ஒரு அறையில இருந்த காலத்தில என்ட முதல் லென்ஸை வடிவான தோல் உறையில போட்டு அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிருந்தனான், பத்திரமா இருக்கட்டும் எண்டு. ஒரு வருசத்தால எடுத்துப் பாக்க உள்ளுக்க வெள்ளை வெள்ளையாப் பூத்திருந்தது. இருட்டு, காத்தோட்டம் இல்ல, தோல், உடுப்பு, ஈரம், பங்கசுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. நான் கவனமில்லாம விட்டு அது கெடேல்ல, கவனமெண்டு நினைச்சுச் செய்ததாலதான் கெட்டது.

காத்தில ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல கனநாள் நிண்டா பங்கசு முளைக்கத் தொடங்கும். கொழும்பில அநேகமான நாள் 70 வீதத்துக்கு மேலதான், மழை நாளில அதுக்கும் மேல. அதால இஞ்ச லென்ஸ் வச்சிருக்கிற ஆருக்கும் இது வரும், வராம நாங்கள்தான் தடுக்க வேணும். படத்தில தெரியேல்ல எண்டு விடாதேங்கோ. இப்ப தெரியாது, வெயிலுக்கு நேர எடுக்கிற நேரம், இரவில லைட்டுக்கு நேர எடுக்கிற நேரம் படம் முழுக்க வெள்ளை மூடின மாதிரி வரும். அதோட பங்கசு வெளிவிடுற அமிலம் கண்ணாடிக்கு மேல இருக்கிற பூச்சை அரிச்சிடும், அப்பிடி அரிச்சா கழட்டித் துப்பரவாக்கினாலும் அடையாளம் நிக்கும். அதால கெதியா ஒரு நல்ல ரிப்பெயர்காரரிட்டக் குடுத்துக் கழட்டித் துடையுங்கோ. ஆனா முதல்ல கூலியைக் கேளுங்கோ, கமராவோட சேத்து வந்த 18-55 லென்ஸ் எண்டா சில நேரம் கூலி லென்ஸின்ட விலைக்குக் கிட்ட வந்திடும், அப்பிடி எண்டா அதே லென்ஸ் செக்கண்ட்ஹாண்டில எடுக்கிறதுதான் புத்தி. அதுவரைக்கும் அந்த லென்ஸை மற்ற லென்ஸுகளோட ஒரே பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ.

சித்தி சொன்ன அரிசி வேண்டாம். அரிசி பெரிசா ஈரம் இழுக்காது, மா மாதிரித் தூசு மட்டும் லென்ஸின்ட இடுக்குகளுக்குள்ள போய் நிக்கும். டிரை கபினட் (உள்ளுக்க ஈரத்தைக் குறைச்சு வச்சிருக்கிற கரண்ட் அலுமாரி) வாங்க வசதி இருந்தா வாங்குங்கோ, இல்லாட்டி வாயில ரப்பர் வளையம் இருக்கிற காத்துப் போகாத பிளாஸ்டிக் பெட்டி ஒண்டு, சிலிக்கா ஜெல், ஈரப்பதன் காட்டுற சின்ன மீற்றர் ஒண்டு, இந்த மூண்டும் காணும். மீற்றர் 40க்கும் 50க்கும் இடையில நிண்டா சரி, 30க்குக் கீழ போக விடாதேங்கோ, அதுவும் ரப்பருக்கும் கிறீசுக்கும் கூடாது. சிலிக்கா ஜெல்லில செம்மஞ்சள் நிறத்தை வாங்குங்கோ, ஈரம் குடிச்சா பச்சையா மாறும், ஓவனில 110 பாகையளவில ஒண்டு ரெண்டு மணித்தியாலம் வச்சா திரும்பவும் செம்மஞ்சளாகும். நீலம் ரோசாவாகிற வகையில கோபால்ட் குளோரைட் இருக்கு, அது நஞ்சு, சமைக்கிற ஓவனில வைக்கவே கூடாது. எல்லாத்தையும் விடப் பெரிய மருந்து, கிழமைக்கு ஒருக்காவாவது லென்ஸை வெளிய எடுத்துப் பாவிக்கிறது. அப்பா வாங்கின லென்ஸ் எண்டு சொல்றீங்கள், பெட்டிக்குள்ள இருக்கவோ அவர் வாங்கினவர்?

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர்: ஏசி வாகனத்தால இறங்கி படம் எடுக்க வெளிக்கிட்டா லென்ஸ் முழுக்கப் பனி பிடிக்குது. கமரா பழுதோ?

பழுதில்ல. குளிர்ந்த கண்ணாடியில ஈரக் காத்து பட்டா தண்ணியா ஒட்டும், குளிர்ச்சோடாப் போத்தில் வேர்க்கிற மாதிரி. துடைக்காதேங்கோ, துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும், லென்ஸைக் கழட்டவும் வேண்டாம், உள்ளுக்கும் பிடிச்சிடும். இறங்கப் போற இடத்துக்கு 20 நிமிசம் முன்னமே கமராவை சிப் வச்ச பொலித்தீன் பைக்குள்ள போட்டு மூடி, பேக்கையும் மூடி, ஏசிக் காத்துப் படாத இடத்தில வையுங்கோ. இறங்கின பிறகும் பையைத் திறக்காம 20 நிமிசம் பொறுங்கோ, தண்ணி பைக்கு வெளியாலதான் ஒட்டும். கல்யாண ஹோலால வெளிய வந்து மாப்பிளை பொம்பிளையைத் தோட்டத்தில எடுக்கிற ஆக்களும் இதை ஞாபகத்தில வச்சிருங்கோ.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, மச்சாளின்ட கல்யாணத்துக்கு சத்தம் வராத ஷட்டரைப் போட்டு எடுத்தனான், தாலி கட்டிற நேரம் கெட்டிமேளத்துக்கை ஷட்டர் சத்தம் கேக்கவா போகுது எண்டு மாமா ஏசினவர், அதை விடுங்கோ, வீட்டை வந்து பாத்தா எல்லாப் படத்திலயும் குறுக்கால கறுப்புக் கறுப்பாப் பட்டி விழுந்திருக்கு. கமரா புதுசு. கடைக்காரர் சொப்ட்வெயர் பிழையெண்டு சொல்றார்.

தம்பி, கமராவும் நல்லம், சொப்ட்வெயரும் நல்லம், உங்கட மாமா சொன்னதும் நல்லம். இலங்கையில கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அப்பிடி எண்டா மலிவான எல்ஈடி லைட்டும் ட்யூப் லைட்டும் ஒரு செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையுது. எங்கட கண்ணுக்கு அது தெரியாது. ஆனா சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரில சென்சர் படத்தை ஒரே அடியா வாசிக்காது, மேல இருந்து கீழ வரி வரியா வாசிக்கும். மேல் வரி வாசிக்கிற நேரம் லைட் கூடி இருக்கும், நடு வரி வாசிக்கிற நேரம் குறைஞ்சிருக்கும், அதுதான் உங்கட படத்தில பட்டியா விழுந்திருக்கு.

மண்டபத்துக்க போனா சாதாரண மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்துங்கோ, வேகத்தை 1/100 இல்லாட்டி 1/50ல வையுங்கோ. 1/100 எண்டா லைட்டின்ட ஒரு முழுத் துடிப்பு ஒவ்வொரு வரிக்கும் கிடைச்சிடும், பட்டி விழாது. அதைவிட வேகம் வேணும் எண்டா கமரா மெனுவில அன்டி பிளிக்கர் எண்டு இருக்கோ பாருங்கோ, இப்ப வாற கனக்கக் கமராவில இருக்கு, அது லைட் உச்சத்தில நிக்கிற நேரம் பாத்து ஷட்டரை அடிக்கும். வீடியோ எடுக்கிற ஆக்கள் மெனுவில என்டிஎஸ்சியை (60 ஹேர்ட்ஸ் நாடுகளின்ட வீடியோ முறை) விட்டு பிஏஎல்லுக்கு (50 ஹேர்ட்ஸுக்கானது) போய் 25 இல்லாட்டி 50 பிரேம், ஷட்டர் 1/50. வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த கமரா எண்டா இதைக் கட்டாயம் பாருங்கோ, அமெரிக்காவில கரண்ட் 60 ஹேர்ட்ஸ், அங்க வாங்கின கமரா அந்த செட்டிங்கில தான் வரும். மேடைக்குப் பின்னால போடுற பெரிய எல்ஈடி திரை வேற சாமான், அது இதைவிடக் கன வேகமாத் துடிக்கும், அதுக்கு ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பட்டி மறையிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

எடுத்த படங்களை அழிச்சுப் போடாதேங்கோ. கறுப்பு வெள்ளையாக்கினா நிற வித்தியாசம் போயிடும், பட்டியும் கொஞ்சம் அமர்ந்து தெரியும். தாலி கட்டிற படம் ரெண்டாந்தரம் எடுக்கேலாது.

தெஹிவளை, ஒரு அப்பா: மகனுக்கு நிக்கொன் டி3500 இருக்கு. புறக்கோட்டையில 50எம்எம் எஃப் 1.8 லென்ஸ் மலிவாக் கிடைச்சதெண்டு வாங்கினனான், ஓட்டோபோகஸ் வேலை செய்யேல்ல. ஏமாத்திப்போட்டாங்களோ?

ஏமாத்தேல்ல ஐயா. லென்ஸில 1.8டி எண்டு இருக்கோ பாருங்கோ. அந்த வகைக்கு உள்ளுக்க மோட்டர் இல்ல, கமராவில இருக்கிற மோட்டர்தான் அதைச் சுத்த வேணும், டி3500ல அந்த மோட்டர் இல்ல. டி90, டி7500 மாதிரிக் கமராவில இருக்கு. உங்களுக்கு ஏஎப்-எஸ் எண்டு எழுதின 50எம்எம்தான் சரி. மாத்தித் தர மாட்டம் எண்டு சொன்னா அப்பர்ச்சர் வளையத்தை (லென்ஸின்ட வாய் எவ்வளவு திறக்கிறது எண்டு மாத்திற வளையம்) 22ல வச்சுப் பூட்டிப்போட்டு, கையால சுத்தி போகஸ் செய்யச் சொல்லுங்கோ, போகஸ் பிடிபட்ட உடன வியூபைண்டருக்குள்ள இடப் பக்கம் கீழ ஒரு பச்சைப் புள்ளி நிலையா எரியும். ஆறுதலா இருக்கிற ஆக்களை எடுக்க அது காணும், மகன் போகஸ் எண்டா என்ன எண்டு வடிவாப் பழகியும் போடுவார்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஒரு வாசகி: கோல்பேஸில பின்னேரம் படம் எடுக்கப் போறனான். எல்லாரும் கோல்டன் அவர், ஒரு மணித்தியாலம் தங்க வெளிச்சம் எண்டு சொல்லினம். நான் 5 மணிக்கே போய் நிண்டாலும் வெளிச்சம் வெள்ளையா இருக்கு, பிறகு திடீரெண்டு இருட்டுது. கண்ணால பாக்கிற சிவப்பும் படத்தில வாறேல்ல.

இதுக்குத்தான் நான் தொடக்கத்திலயே சொன்னது. கொழும்பு பூமத்திய ரேகையில இருந்து 7 பாகை வடக்கில இருக்கு, இஞ்ச சூரியன் கிட்டத்தட்ட நேர் செங்குத்தா இறங்கும். லண்டனில அது சாஞ்சு சாஞ்சு இறங்கிறதால அந்த மஞ்சள் வெளிச்சம் கனநேரம் நிக்கும், அவைக்கு ஒரு மணித்தியாலம் எண்டுறது உண்மைதான். சூரியன் ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை நகரும், அடிவானத்துக்கு 6 பாகை மேல நிக்கேக்க நல்ல நிறம் தொடங்குது எண்டு வச்சாலும் எங்களுக்குக் கிடைக்கிறது ஏறத்தாழ 25 நிமிசம். மறைஞ்ச பிறகு வாற நீல வெளிச்சமும் அப்பிடித்தான், 20 நிமிசத்தில முடிஞ்சிடும். வருசத்தில சூரியன் மறையிற நேரமும் பெரிசா மாறாது, நவம்பரில ஏறத்தாழ 5.50, ஜூலையில 6.30, அவ்வளவுதான். அதால 5 மணிக்குப் போனா இறால் வடை சாப்பிட்டு, எங்க நிக்கப் போறன், ஆர் முன்னால வருவினம், பட்டம் விடுற பிள்ளையள் எந்தப் பக்கம் எண்டு பாத்து வையுங்கோ, அந்த 25 நிமிசம் வாற நேரம் மெனுவுக்குள்ள விரல் போகக் கூடாது.

சிவப்பு வராததுக்குக் காரணம் ஓட்டோ வைட் பலன்ஸ். கமராவுக்கு அந்தச் செம்மஞ்சள் ஒரு பிழை, அதைத் திருத்தி வெள்ளையாக்கப் பாக்கும். வெயில் படம் போட்ட செட்டிங்கில வையுங்கோ, இன்னும் சூடா வேணும் எண்டா முகில் படம் போட்டது. எக்ஸ்போஷரை மைனஸ் 1க்கு இறக்குங்கோ, வானத்தின்ட நிறம் இறுக்கமா வரும், முன்னால நிக்கிற ஆக்கள் நிழலுருவா விழுவினம்.

இன்னொண்டு, சூரியன் எப்பவும் ஒரே இடத்தில மறையிறேல்ல. டிசம்பரில தெற்குப் பக்கம் சாஞ்சு திறந்த கடலுக்குள்ள விழும், ஜூனில வடக்குப் பக்கம் சாஞ்சு போர்ட் சிட்டிப் பக்கமாப் போகும். வட்டமாக் கடலைத் தொடுற படம்தான் வேணும் எண்டா டிசம்பர், ஜனவரியில போங்கோ. எனக்கு எண்டா ஒக்டோபர், நவம்பர் தான் விருப்பம், பின்னேரம் இடி முழங்கி மழை கொட்டி விட்டிட்டு, 6 மணிக்கு முகில் கொஞ்சம் விலகும், அந்த நேரம் தரை எல்லாம் ஈரம், வானம் ரெண்டு தரம் தெரியும். திரும்பி வந்த உடன லேசா ஈரமாக்கின துணியால கமராவைத் துடையுங்கோ, கடல் காத்தில வாற உப்பு மாசம் போகப் போகத்தான் தன்ட வேலையைக் காட்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காத்து அடிக்கிற காலத்தில லென்ஸுக்கு முன்னால ஒரு யுவி பில்டர் போடுங்கோ, துடைக்கிற கீறல் எல்லாம் அதிலயே போகட்டும்.

மத்தியான வெயிலைப் பற்றியும் கேட்டிருந்தீங்கள். ஏப்ரல் முதல் பாதியிலயும் செப்டெம்பர் தொடக்கத்திலயும் கொழும்பில சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிண்டா நிழல் காலுக்குக் கீழதான் விழும், கண் குழி எல்லாம் கறுப்பாகும். அந்த நேரம் ஆக்களை வெளியில நிப்பாட்டாதேங்கோ, புறக்கோட்டைக் கடை வாசலில, படங்குக்குக் கீழ, கூரை நிழலின்ட விளிம்பில நிப்பாட்டுங்கோ. வெயில் பட்ட தரையில இருந்து தெறிக்கிற வெளிச்சம் முகத்துக்குக் கீழ இருந்து மேல வரும், அது காசு குடுத்தாலும் ஸ்டூடியோவில கிடைக்காத வெளிச்சம்.

வத்தளையிலிருந்து ஒரு அக்கா: எங்கட அம்மம்மாவுக்கு 80 வயசு. வெள்ளைச் சீலைதான் கட்டுவா. எப்பிடி எடுத்தாலும் முகம் கறுத்துப் போகுது. ஸ்டூடியோவில குடுத்தா முகத்தை வெள்ளையாக்கித் தாறாங்கள், அது அம்மம்மா மாதிரியே இல்ல. வேற வழி இருக்கோ?

அக்கா, இந்தக் கடிதம் வந்ததுக்கு எனக்கு உண்மையாவே சந்தோசம். எங்கட ஆக்களின்ட வீடுகளில மாட்டியிருக்கிற படங்களைப் பாருங்கோ, கல்யாணப் படம், சாமத்தியப் படம், செத்த ஆக்களின்ட படம் கூட, எல்லாருக்கும் ஒரே பவுடர் நிறம். அந்த முகத்தில இருந்த சுருக்கம், மச்சம், வெயில் குடிச்ச நிறம் எல்லாத்தையும் துடைச்சுப் போட்டு என்னத்தை மாட்டி வச்சிருக்கிறம்? படம் எடுக்கிற ஒவ்வொருத்தரும் இதைச் செய்ய மாட்டன் எண்டு சொல்ல வேணும், ஸ்டூடியோவுக்குக் குடுக்கேக்க "நிறத்தை மாத்த வேண்டாம்" எண்டு கடுதாசியில எழுதிக் குடுங்கோ.

இப்ப வேலைக்கு வருவம். கமராவின்ட மீற்றர் தான் பாக்கிறது எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் எண்டு நினைச்சுத்தான் வெளிச்சத்தை அளக்கும். வெள்ளைச் சீலை படத்தை நிரப்பினா, ஓ வெளிச்சம் கூடிப்போச்சு எண்டு நினைச்சுக் குறைச்சிடும், சீலை சாம்பலாகும், முகம் கறுப்பாகும். பிழை அம்மம்மாவின்ட நிறத்திலயும் இல்ல, சீலையிலயும் இல்ல. பிளஸ் மைனஸ் போட்ட பட்டனை அமத்திப் பிளஸ் 1க்கு ஏத்துங்கோ, காணாட்டி ஒண்டரை. ரோவில (கமரா தன்ட திருத்தம் செய்யாம வைக்கிற மூலப் படம்) எடுங்கோ, பிறகு சீலையின்ட மடிப்பைத் திருப்பி எடுக்கலாம். கோயிலில வேட்டி கட்டின ஐயரை எடுத்தாலும் இதே கணக்குத்தான்.

வெளிச்சத்துக்கு யன்னல் ஒண்டு காணும், நேர வெயில் விழாத யன்னல். அம்மம்மாவை அதுக்குப் பக்கவாட்டாக் கதிரையில இருத்துங்கோ, முதுகுக்குப் பின்னால யன்னல் இருக்கக் கூடாது. மற்றப் பக்கம் நிழல் கூட எண்டா ஒரு வெள்ளை ரிஜிபோம் அட்டையை, கடையில ரிவி பெட்டிக்குள்ள வாறது, அதை ஒரு பிள்ளையிட்டக் குடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லுங்கோ. மேல் லைட்டை நிப்பாட்டுங்கோ, யன்னல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம் லைட்டுக்கு ஒரு நிறம், ரெண்டும் கலந்தா தோல் நிறம் எந்த செட்டிங்கிலயும் சரிவராது. போகஸ் கிட்ட இருக்கிற கண்ணில. பிளாஷ் வேண்டவே வேண்டாம். பிறகு கமராவைத் தூக்காம கொஞ்ச நேரம் பழைய கதை கேளுங்கோ, அவ கதைக்கத் தொடங்கினாப் பிறகு எடுங்கோ. அந்தப் படத்தைப் பெரிசா அடிச்சு மாட்டுங்கோ, நாளைக்கு எண்டு பின் போட வேண்டாம்.

மட்டக்குளியிலிருந்து ஒரு அம்மா: மகளின்ட ஸ்கூல் கலைவிழா வருது, பரதநாட்டியம். போன வருசம் 18-55 லென்ஸால எடுத்தது எல்லாம் கலங்கிப் போச்சு. 70-300 வாங்கட்டோ, பிளாஷ் வாங்கட்டோ?

ரெண்டும் வேண்டாம், 50எம்எம் எஃப் 1.8 வாங்குங்கோ. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின்ட வாய் பெரிசாத் திறக்கும். உங்கட லென்ஸ் 55ல எஃப் 5.6 வரைக்கும்தான் திறக்கும், 1.8 அதைவிடப் பத்து மடங்குக்குக் கிட்ட வெளிச்சம் உள்ளுக்க விடும். 300க்குப் போனா கிட்டத் தெரியும், ஆனா அதுவும் 5.6க்குக் கிட்டத்தான், கலங்கிறது இன்னும் கூடும். ஸ்டெபிலைசர் இருக்கே எண்டு சொல்லுவினம், அது உங்கட கை ஆடுறதைத்தான் பிடிக்கும், மகளின்ட கை ஆடுறதைப் பிடிக்காது. கமராவில இருக்கிற சின்னப் பிளாஷ் எஃப் 5.6, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு கூட்டி எடுக்குது எண்ட எண்) 100ல 2 மீற்றர் அளவுதான் போகும், முன்னால இருக்கிற ஆக்களின்ட தலைதான் வெளிச்சமாகும், ஆடுற பிள்ளைக்கும் கண் கூசும்.

எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/250ல தொடங்குங்கோ. மேடைக்குப் பின்னால கறுப்புத் திரை எண்டா அம்மம்மா கதைக்கு எதிர், கமரா இருட்டெண்டு நினைச்சு முகத்தை வெள்ளையாக எரிச்சிடும், மைனஸ் 1க்கு இறக்குங்கோ. முன் வரிசையில, நடுவில இல்லாமக் கொஞ்சம் பக்கமா இருந்தா மைக் ஸ்டாண்ட் மறைக்காது.

உங்களுக்கு மற்ற ஆக்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கு, மகள் வீட்டில ஆடிப் பழகிறதைப் பாத்து அந்த ஆட்டம் உங்களுக்குப் பாடம். ஜதி முடியிற இடம், தீர்மானத்தின்ட (ஜதியை முடிச்சு வைக்கிற பகுதி) கடைசித் தட்டு, அதில பிள்ளை அரைமண்டியில ஒரு கணம் அசையாம நிக்கும். அந்தத் தட்டுக்கு அமத்துங்கோ, 1/125 கூடக் காணும். தாளம் தெரிஞ்ச அம்மா எடுக்கிற படம், தெரியாத புரொபஷனல் எடுக்கிறதை விட நல்லா வரும், நான் கண்ணால பாத்திருக்கிறன்.

மருதானை, ஒரு தம்பி: 256 ஜிபி கார்ட் அரை விலைக்குக் கிடைச்சது. பாதிப் படம் திறக்குதில்ல.

போலிக் கார்ட். 256 எண்டு காட்டும், உள்ளுக்க 16ஓ 32ஓ தான் இருக்கும், நிரம்பின பிறகு எழுதுறது எல்லாம் காத்தில போகும். எந்தக் கார்ட் வாங்கினாலும் முதல் நாளே கம்பியூட்டரில எச்2டெஸ்ட்டபிள்யூ எண்ட இலவச புரோகிராமால முழுக்க நிரப்பிச் சோதியுங்கோ, மக்புக் எண்டா எஃப்3. 4கே வீடியோவுக்கு எண்டு வேகமான விலை கூடின கார்டும் தேவையில்ல, 100 மெகாபிட்டில எடுத்தாலும் செக்கனுக்கு 12.5 மெகாபைட்தான், வி30 எண்டு போட்டது 30 தாங்கும். பெரிய கார்ட் ஒண்டை விட 64ல ரெண்டு நல்லம்.

ஹெந்தளையிலிருந்து கம்பஸ் போற ஒரு தம்பி: செக்கண்ட்ஹாண்ட் டிஎஸ்எல்ஆர் (உள்ளுக்க கண்ணாடி இருக்கிற பழைய வகைக் கமரா) வாங்கலாமோ, மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத புது வகை) வாங்கக் காசு சேக்கட்டோ? வாங்கினா என்னத்தைப் பாத்து வாங்கிறது?

வாங்குங்கோ தம்பி, பொறுத்திருக்கிற ரெண்டு வருசத்தில படம் எடுத்தே பழகிப்போடலாம். கெனனும் நிக்கொனும் 2018ல மிரர்லெஸ்ஸுக்கெண்டு புது மவுண்ட்டுக்கு (கமராவில லென்ஸ் பூட்டுற வாய்) போயிட்டினம், அதால பழைய லென்ஸ் எல்லாம் விலை இறங்கிக் கிடக்கு, பின்னால மிரர்லெஸ் வாங்கினாலும் அடப்டர் போட்டு அநேகமானதைப் பாவிக்கலாம். கமராப் பொடியை விட லென்ஸில காசைப் போடுங்கோ.

பாக்கப் போகேக்க போன் டோர்ச், உங்கட சொந்தக் கார்ட், ரெண்டும் கொண்டு போங்கோ. லென்ஸைக் கழட்டி ஒரு பக்கத்தால டோர்ச் அடிச்சு மற்றப் பக்கத்தால பாருங்கோ, வலை, புகை மாதிரி எதாவது தெரிஞ்சா என்ன விலை குறைச்சாலும் வேண்டாம், இது கொழும்பு. பிறகு அப்பர்ச்சரை 16ல வச்சு வெளிச்சமான வெள்ளைச் சுவரை போகஸ் இல்லாம ஒரு படம், சென்சரில தூசு இருந்தா கறுப்புப் புள்ளியாத் தெரியும், தூசு துடைக்கலாம், நூல் மாதிரிக் கீறல் தெரிஞ்சா விடுங்கோ. ஷட்டர் எத்தினை தரம் அடிச்சிருக்கு எண்டதை நிக்கொன் படத்தின்ட தகவலுக்குள்ளயே பாக்கலாம், ஆரம்பக் கமராக்களின்ட ஷட்டருக்கு 1 லட்சம் எண்டு கணக்கு வைக்கிறது. கெனனில அப்பிடிச் சுகமாப் பாக்கேலாது. பற்றரி பொம்மி இருக்கோ, கார்ட் போடுற இடத்தில பின் வளைஞ்சிருக்கோ, பிளாஷ் வைக்கிற தகடு பச்சை பூத்திருக்கோ பாருங்கோ, பச்சை பூத்தா கடல் காத்துக் குடிச்ச கமரா. வாங்கின சிட்டையும் பெட்டியில இருக்கிற சீரியல் நம்பரும் கமராவோட ஒத்துப்போகாட்டிக் கையை வைக்காதேங்கோ.

பொரளையிலிருந்து ஒரு வாசகர்: போயா (பௌர்ணமி) அண்டு கோல்பேஸில நிண்டு தாமரைக் கோபுரத்தோட நிலவை எடுத்தனான். கண்ணுக்குப் பெரிசா இருந்த நிலவு படத்தில ஒரு வெள்ளைப் பொட்டு. மற்ற ஆக்கள் எடுக்கிற படத்தில கோபுரத்தின்ட மொட்டளவு நிலவு வருதே, கம்பியூட்டரில ஒட்டுறதோ?

ஒட்டுற ஆக்களும் இருக்கினம், ஆனா ஒட்டாமலும் எடுக்கலாம், அது தூரத்தின்ட விளையாட்டு. கணக்கு இதுதான்: ஒரு பொருளின்ட அகலத்தைப் போல 110 மடங்கு தூரத்தில நிண்டா அந்தப் பொருளும் நிலவும் ஒரே அளவாத் தெரியும். கோல்பேஸில இருந்து கோபுரம் ஏறத்தாழ ஒண்டரைக் கிலோமீற்றர், அங்க நிண்டா நிலவு 13, 14 மீற்றர் அகலமான சாமான் மாதிரித்தான், கோபுரம் 350 மீற்றர், அதுக்குப் பக்கத்தில பொட்டாத்தான் தெரியும். நாலரைக் கிலோமீற்றர் தள்ளிப் போனா நிலவு 40 மீற்றர் சாமானாகிடும். கோபுரம் சின்னதாகும், நிலவு சின்னதாகாது, பிறகு 300எம்எம் போட்டு ரெண்டையும் கிட்டக் கொண்டுவாறது.

கோல்பேஸுக்கு அங்கால கடல், அதால தூரம் போக வேணும் எண்டா கிழக்குப் பக்கம்தான், ராஜகிரியப் பக்கத்தில உயரமான மாடி உள்ள கூட்டாளி ஆரும் இருந்தா கேளுங்கோ. அங்க நிண்டா கோபுரம் மேற்கால வடக்குச் சாஞ்ச பக்கம், அதால பின்னேர நிலவு இல்ல, விடிய மறையிற நிலவு. போயா நிலவு சூரியன் எழும்புற நேரத்தை ஒட்டி மேற்கால இறங்கும், டிசம்பர், ஜனவரிப் போயாவில அது வடக்குப் பக்கம் சாஞ்சு மறையும், கோபுரத்துக்குப் பின்னால வர நல்ல வாய்ப்பு. ஸ்டெலேரியம் எண்ட வானத்தைக் காட்டுற புரோகிராம் இலவசமாக் கிடைக்குது, அதில அண்டைய நிலவு மறையிற திசையைப் பாத்து, வரைபடத்தில கோபுரத்தில இருந்து உங்கட மாடிக்குக் கோடு போட்டுப் பாருங்கோ, ரெண்டும் ஒரு பாகைக்குள்ள வர வேணும்.

வானம் கறுத்துக் கிடக்கேக்க எடுத்தா நிலவு வெள்ளையா எரியும், கோபுரம் தெரியாது. தனி நிலவுக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/200 எண்டு தொடங்கலாம், ஆனா அடிவானத்துக்குக் கிட்ட அது மங்கும், அதால ஷட்டரைக் குறைச்சுக் கொண்டு வாங்கோ, 300எம்எம்ல ஒரு செக்கனுக்குக் கீழ நிக்கட்டும், இல்லாட்டி நிலவு நகர்ந்து விளிம்பு கலங்கிப் போகும். வானம் நீலமாகத் தொடங்கி நிலவும் கோபுரமும் ஒரே வெளிச்சத்துக்கு வாற நேரம் பத்து நிமிசம்தான் இருக்கும். நாலரைக் கிலோமீற்றரில கோபுரத்தின்ட உச்சி நாலரைப் பாகை உயரத்தில நிக்கும், நிலவு அதில இருந்து அடிவானத்துக்கு இறங்க இருபது நிமிசத்துக்குக் கிட்ட. விடிய 5.30க்கு மொட்டைமாடியில ட்ரைபொட்டை விரிச்சு, கோபுரத்தின்ட சிவப்பு லைட்டில போகஸ் வச்சுப் பூட்டிப்போட்டு நில்லுங்கோ. முகில் மூடினா அடுத்த போயாவுக்கும் அதே மாடிக்குப் போங்கோ, படம் கிடைச்சா எங்களுக்கும் அனுப்புங்கோ, அடுத்த இதழில போடுவம்.